சவுக்காரம்: அளவின் அறிவியல்

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாள்தோறும் நாம் கையிலெடுக்கும் எளிய பொருள்களுக்குப் பின்னே நெடிய வரலாறும் நுட்பமான அறிவியலும் உள்ளன. கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கக்கூடிய காரமும், கையில் பட்டால் பிசுபிசுக்கும் எண்ணெயும் ஒன்றுகூடிக் குழந்தையின் மேனியிலும் தேய்க்கத்தகும் சவுக்காரமாகின்றன. இம்மாற்றத்துக்கு அடிப்படையாக அமைவது எது? இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

எண்ணெய் படிந்த கையை நீரில் மட்டும் கழுவிப் பாருங்கள். நீர் துளித்துளியாக உருண்டு வழிந்துவிடும். எண்ணெய் நின்ற இடத்திலேயே நிற்கும். அதே கையில் சிறிது சவுக்காரத்தைத் தேய்த்துக் கழுவினால், எண்ணெயும் அழுக்கும் நீரோடு போய்விடுகின்றன. இதில் வியப்பு ஒன்று உண்டு. எண்ணெயைப் போக்கும் அந்தச் சவுக்காரமே எண்ணெயிலிருந்து செய்யப்பட்டதுதான்.

தமிழ்நாட்டில் இன்று சோப்பு என்பது பெருவழக்கு. முந்தைய தலைமுறையினர் இதனைச் சவுக்காரம் என்றனர். இலங்கைத் தமிழர் இன்றும் சவர்க்காரம் என்கின்றனர். இவ்விரு வடிவங்களிலும் ‘காரம்’ என்னும் ஒலி கேட்கிறது. காரமின்றிச் சவுக்காரம் இல்லை. ஆயினும், நன்கு செய்யப்பட்ட சவுக்காரக் கட்டியில் எரிக்கும் காரம் எஞ்சியிருப்பதில்லை. இம்முரணைப் புரிந்துகொள்வதே சவுக்காரத்தின் வேதியியலைப் புரிந்துகொள்வதாகும்.

களர்நிலமும் சாம்பலும்

சவுக்காரக் கட்டியை அறிவதற்கு முன்பே மனிதர் காரத்தின் பயனை அறிந்திருந்தனர். களர்நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் ஆடை வெளுத்த பெண்ணொருத்தியைப் புறநானூற்றின் 311ஆம் பாடல் காட்டுகிறது. நல்ல நீர் இருக்கக் களர்நிலத்து நீரை நாடியது ஏன்? களர்மண்ணில் சோடியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட் ஆகிய காரத்தன்மையுள்ள உப்புகள் உள்ளன. ஆடையில் படிந்த உடலின் எண்ணெய்ப்பசையில் கொழுப்பு அமிலங்கள் கலந்திருக்கும். அவை காரத்தோடு சேரும்போது துணியின் மீதே சிறிதளவு சவுக்காரம் உருவாகிறது. உவர்மண்ணில் துணியைத் தோய்த்து வெள்ளாவியில் வைத்து வெளுத்த சலவைத் தொழிலாளர், இவ்வேதியியலைத் தம் பட்டறிவால் கையாண்டவர்கள்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வேறு வகையின. இவற்றில் இயற்கையாகவே நுரைக்கும் சப்போனின் என்னும் பொருள் உள்ளது. எனவே, இவற்றுக்குக் காரம் தேவையில்லை.

பிற நாடுகளில் காரத்தின் மூலம் சாம்பலாக இருந்தது. ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மெசபடோமியக் களிமண் ஏடுகளில் எண்ணெயையும் சாம்பலையும் சேர்க்கும் குறிப்புகள் காணப்படுகின்றன. மரச்சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்தால் பொட்டாசியம் கார்பனேட் கரைசல் கிடைக்கும். அதனுடன் நீற்றிய சுண்ணாம்பைச் சேர்த்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் வலிய காரம் உண்டாகும். இதனைக் கொண்டு செய்வது குழைவான மென்சவுக்காரம். கடலோர உவர்நிலச் செடிகளை எரித்த சாம்பலில் சோடியம் மிகுதி. அதிலிருந்து கெட்டியான கட்டிச் சவுக்காரம் கிடைத்தது. சிரியாவின் அலெப்போ, பிரான்சின் மார்செய் ஆகிய நகரங்கள் ஒலிவ எண்ணெயையும் இத்தகைய சாம்பற்காரத்தையும் கொண்டு புகழ்பெற்ற சவுக்காரங்களைச் செய்தன. மார்செய்ச் சவுக்காரத்தில் ஒலிவ எண்ணெய் தவிர வேறு கொழுப்பைக் கலக்கலாகாது என 1688இல் பிரெஞ்சு அரசு ஆணையே பிறப்பித்தது.

ஆனால், அக்காலக் கைவினைஞருக்கு ஓர் இடர்ப்பாடு இருந்தது. சாம்பலுக்குச் சாம்பல் காரத்தின் அளவு வேறுபடும். அதனை அளக்கக் கருவி இல்லை. வடித்த காரநீரில் ஒரு முட்டையை இடுவர். அது எந்த அளவுக்கு மேலெழுந்து மிதக்கிறது என்பதைக் கொண்டு காரத்தின் செறிவை மதிப்பிடுவர். கணிப்பு பிழைத்தால், ஒருமுறை செய்த சவுக்காரம் தோலை எரிக்கும். மறுமுறை செய்தது எண்ணெய்ப்பசையோடு நிற்கும்.

காரத்தைத் தேடி

மக்கள்தொகை பெருகப் பெருகச் சாம்பற்காரம் போதவில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சு தன் கண்ணாடி, துணி, சவுக்காரத் தொழில்களுக்கு வேண்டிய சோடாவுக்குப் பிற நாடுகளை நம்பியிருந்தது. கடலுப்பிலிருந்து சோடா செய்யும் வழியைக் காண்பவருக்குப் பரிசு வழங்குவதாகப் பிரெஞ்சு அறிவியல் கழகம் அறிவித்தது. நிக்கோலா லெபிளாங்க் என்னும் மருத்துவர் அவ்வழியைக் கண்டறிந்து 1791இல் காப்புரிமை பெற்றார். உப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கிச் சோடியம் சல்பேட்டைப் பெறுதல், அதனை நிலக்கரியுடனும் சுண்ணாம்புக் கல்லுடனும் சேர்த்து உலையிலிட்டுச் சோடியம் கார்பனேட்டாக மாற்றுதல் என்பன அம்முறையின் இரு படிகள். பிரெஞ்சுப் புரட்சியின்போது அவருடைய ஆலை பறிபோயிற்று. அறிவிக்கப்பட்ட பரிசும் அவர் கைக்கு வரவில்லை. அவர் 1806இல் வறுமையில் மறைந்தார்.

அவருடைய முறை மட்டும் ஐரோப்பா எங்கும் பரவியது. சவுக்காரம் பெருமளவில் உற்பத்தியாயிற்று. ஆனால், அதற்கு ஒரு விலையும் இருந்தது. சோடா ஆலைகள் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் காற்றில் விட்டன. சுற்றுப்புறத்துப் பயிர்களும் மரங்களும் கருகின. அவ்வாயுவில் நூற்றுக்கு 95 பங்கைக் காற்றில் கலவாமல் ஆலைகளே தடுக்க வேண்டும் என 1863இல் இங்கிலாந்து சட்டம் இயற்றியது. தொழிற்சாலை மாசைக் கட்டுப்படுத்த எழுந்த தொடக்ககாலச் சட்டங்களுள் இது குறிப்பிடத்தக்கது. மனிதரைத் தூய்மைப்படுத்தும் பொருளுக்காகக் காற்று மாசுபட்டது. பின்னர், பெல்ஜியம் நாட்டு எர்னஸ்ட் சால்வே 1861இல் உருவாக்கிய அம்மோனியா முறை லெபிளாங்க் முறையைப் படிப்படியாக அகற்றியது.

இன்று சவுக்காரத்துக்கு வேண்டிய எரிசோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு, உப்பு நீரில் மின்சாரத்தைச் செலுத்தித் தயாரிக்கப்படுகிறது. உப்பளங்கள் மிகுந்த தூத்துக்குடி மாவட்டத்தின் சாகுபுரத்தில் இத்தகைய ஆலை இயங்கிவருகிறது.

தெரிந்து தெளிவோம்

இங்கிலாந்தில் 1712 முதல் சவுக்காரத்தின் மீது வரி விதிக்கப்பட்டது. கள்ளத்தனமாகச் சவுக்காரம் காய்ச்சுவதைத் தடுக்க, வரி அலுவலர்கள் இரவில் கொப்பரைகளைப் பூட்டிச் சென்றனர். விலை ஏறியதால் ஏழைகளுக்குச் சவுக்காரம் எட்டாப் பொருளாயிற்று. அவ்வரி 1853இல் நீக்கப்பட்டது.

கொப்பரைக்குள் நிகழ்வது

எண்ணெயும் காரமும் கூடினால் சவுக்காரம் உண்டாகும் என்பதைப் பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் அறிந்திருந்தனர். ஆனால், எண்ணெய் காரத்தோடு வெறுமனே கலக்கிறதா, இல்லை வேறொன்றாக மாறுகிறதா என்பதை எவரும் அறியவில்லை. இதற்கு விடை கண்டவர் மிசேல் யூஜின் செவ்ரூல் என்னும் பிரெஞ்சு வேதியியலார். 1811ஆம் ஆண்டளவில் ஒரு சவுக்கார மாதிரியை ஆராயத் தொடங்கிய அவர், பன்னிரண்டு ஆண்டுக்கால ஆய்வின் முடிவுகளை 1823இல் நூலாக வெளியிட்டார்.

செவ்ரூல் சவுக்காரத்தில் அமிலத்தைச் சேர்த்தார். காரம் விலகியது, ஆனால், பழைய கொழுப்பு திரும்பக் கிடைக்கவில்லை. அமிலத்தன்மை கொண்ட புதிய பொருள்கள் கிடைத்தன. அவையே கொழுப்பு அமிலங்கள். காரநீரில் இனிப்பான மற்றொரு பொருளும் தங்கியிருந்தது. அதனைச் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே முன்னரே கண்டிருந்தார். இனிமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குக் கிளிசரின் எனச் செவ்ரூல் பெயரிட்டார்.

அவர் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்த்தார். கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த எடை, தொடக்கத்தில் எடுத்த கொழுப்பின் எடையைவிடச் சற்று மிகுந்திருந்தது. பிரிந்தவற்றோடு நீரின் கூறுகளும் சேர்ந்துள்ளன என்பதை அம்மிகுதி உணர்த்தியது. தராசு காட்டிய அச்சிறு வேறுபாட்டிலிருந்தே கொழுப்பின் அமைப்பு வெளிப்பட்டது.

இன்று நாம் அறிந்த அமைப்பு இது: எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கிளிசரின் பகுதியையும் அதனோடு பிணைந்த மூன்று கொழுப்பு அமிலத் தொடர்களையும் கொண்டது. மூன்று விரல்களை நீட்டிய கையைப் போன்றது எனலாம். உள்ளங்கை கிளிசரின், விரல்கள் கொழுப்பு அமிலங்கள். எரிசோடா இம்மூன்று பிணைப்புகளையும் அறுக்கிறது. விடுபட்ட ஒவ்வொரு கொழுப்பு அமிலமும் ஒரு சோடியத்தோடு சேர்ந்து சவுக்காரமாகிறது. அதாவது,

ஓர் எண்ணெய் மூலக்கூறு + மூன்று சோடியம் ஹைட்ராக்சைடு → மூன்று சவுக்கார மூலக்கூறுகள் + ஒரு கிளிசரின்

இதற்குச் சோப்பாக்குதல் வினை என்று பெயர். இவ்வினையில் எண்ணெயும் தீர்கிறது; காரமும் தீர்கிறது. இரண்டின் இயல்பும் அற்ற வேறு இரு பொருள்கள் பிறக்கின்றன. எனவேதான், காரத்தால் செய்த சவுக்காரம் எரிசோடாவைப் போலத் தோலைப் பொசுக்குவதில்லை. ஆனால், இக்கூற்று உண்மையாவதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இட்ட காரம் முழுவதும் தீர்வதற்கு வேண்டிய எண்ணெய் இருக்க வேண்டும்.

எண்ணெய்க்கு ஏற்ற காரம்

ஒரு கிராம் எண்ணெயை முழுமையாகச் சவுக்காரமாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதைக் குறிக்கும் எண்ணே சோப்பாக்கல் எண். இது எண்ணெய்க்கு எண்ணெய் மாறுபடும்.

தேங்காய் எண்ணெய் – 248 முதல் 265 வரை
பாமாயில் – 190 முதல் 209 வரை
நிலக்கடலை எண்ணெய் – 187 முதல் 196 வரை
நல்லெண்ணெய் – 186 முதல் 195 வரை
ஆமணக்கெண்ணெய் – 176 முதல் 187 வரை

தேங்காய் எண்ணெயின் எண் மட்டும் ஏன் இவ்வளவு உயர்ந்திருக்கிறது? அதில் ஏறத்தாழ பாதியளவு 12 கார்பன் அணுக்களைக் கொண்ட லாரிக் அமிலம். நிலக்கடலை எண்ணெயில் 18 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட தொடர்களே மிகுதி. ஒரே எடையுள்ள இரு மூட்டைகளில் ஒன்றில் கொண்டைக்கடலையும் மற்றொன்றில் உளுந்தும் இருந்தால், உளுந்து மூட்டையில்தான் எண்ணிக்கை மிகுதி. அதுபோல, சிறிய மூலக்கூறுகளால் ஆன தேங்காய் எண்ணெயில் ஒரு கிராமுக்குள் அடங்கும் மூலக்கூறுகள் அதிகம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று பங்கு காரம் வேண்டுமாதலால், அது கேட்கும் காரமும் அதிகம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். தேங்காய் எண்ணெயின் எண்ணை 257 எனக் கொள்வோம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடின் மூலக்கூறு எடை 56.1, சோடியம் ஹைட்ராக்சைடின் எடை 40. ஆகவே, 257ஐ 40ஆல் பெருக்கி 56.1ஆல் வகுத்தால், ஒரு கிராம் எண்ணெய்க்கு வேண்டிய எரிசோடா ஏறத்தாழ 183 மில்லிகிராம். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 92 கிராம் வேண்டும். நிலக்கடலை எண்ணெயின் எண்ணை 190 எனக் கொண்டு இவ்வாறே கணக்கிட்டால், 500 கிராமுக்கு 68 கிராம் போதும்.

ஒருவர் தேங்காய் எண்ணெய்க்குரிய அளவை மனத்திற்கொண்டு, நிலக்கடலை எண்ணெயில் 92 கிராம் எரிசோடாவை இட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். 68 கிராம் தன் வேலையை முடித்துத் தீர்ந்துவிடும். எஞ்சிய 24 கிராம் சேர்வதற்கு எண்ணெயின்றிக் கட்டிக்குள்ளேயே தங்கிவிடும். பார்வைக்கு அது வெண்மையான நல்ல சவுக்காரம். குளிக்கப் பயன்படுத்துவோரின் தோலில் எரிச்சலும் புண்ணும் உண்டாகும். மாறாக, தேங்காய் எண்ணெயில் 68 கிராம் மட்டும் இட்டால், எண்ணெயில் கால் பங்குக்கும் மேல் மாறாமல் நின்று கட்டி பிசுபிசுக்கும். நாளடைவில் சிக்கு வாடை வீசும்.

இவ்விரு பிழைகளுள் முன்னது தீங்கு பயப்பது. பின்னது பயனைக் குறைப்பது மட்டுமே. ஆதலால், அறிந்த கைவினைஞர் கணக்கிட்ட அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்து பங்கு காரத்தைக் குறைத்தே இடுவர். 92 கிராமுக்கு மாற்றாக 87 கிராம் இடும்போது, சிறிதளவு எண்ணெய் எஞ்சித் தோலுக்கு மென்மை தரும். காரம் எஞ்சுவதற்கு வாய்ப்பு அரிதாகும். பிழை நேருமாயின் அது எப்பக்கம் நேரலாம் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது பொறுப்பின் அடையாளம்.

ஆக்கும் முறை

இச்செய்முறையை ஆசிரியரின் நேரடி மேற்பார்வையில், கண்ணாடியும் கையுறையும் அணிந்து ஆய்வகத்தில் மட்டுமே செய்தல் வேண்டும்.

500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறத்தாழ 190 மில்லிலிட்டர் நீரும் 87 கிராம் எரிசோடாவும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. முதலில் நீரை ஏனத்தில் ஊற்றி, அதில் எரிசோடாவைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்க வேண்டும். எரிசோடாவின் மீது நீரை ஊற்றுதல் கூடாது. கரையும்போது வெளிப்படும் வெப்பத்தால் நீர் கொதித்துத் தெறிக்கக்கூடும். அலுமினியப் பாத்திரத்தையும் தவிர்க்க வேண்டும். காரம் அதனை அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும்.

கரைசல் வெதுவெதுப்பாக ஆறியபின், அதனை எண்ணெயில் மெல்ல ஊற்றிக் கிளற வேண்டும். தொடக்கத்தில் எண்ணெயும் நீரும் ஒட்டாமல் நிற்கும். வினை தொடங்கிச் சிறிதளவு சவுக்காரம் பிறந்தவுடன், அச்சவுக்காரமே எண்ணெயையும் காரநீரையும் நெருங்கக் கலக்கச் செய்து வினையை விரைவுபடுத்துகிறது. கலவை மோர்க்குழம்பின் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றுவர். ஓரிரு நாளில் அது கட்டியாகும். ஆயினும் உடனே பயன்படுத்துவதில்லை. நான்கு வாரங்கள் காற்றோட்டமான இடத்தில் உலர்த்துவர். எஞ்சிய வினை நிறைவுறவும் மிகுதியான நீர் வெளியேறவும் இக்காத்திருப்பு வேண்டும்.

கட்டியில் காரம் எஞ்சியுள்ளதா என அறியச் சிறுதுண்டை ஆல்கஹாலில் கரைத்து, சில துளிகள் பினால்ஃப்தலீனைச் சேர்ப்பர். கரைசல் இளஞ்சிவப்பானால் காரம் எஞ்சியிருக்கிறது என்பது பொருள்.

பெரிய ஆலைகளில் எண்ணெயையும் காரத்தையும் கொதிக்கவைத்து, இறுதியில் உப்பு நீரைச் சேர்ப்பர். உப்பு நீரில் கரையாத சவுக்காரம் தயிர் போலத் திரண்டு மிதக்கும். கிளிசரின் அடியிலுள்ள நீரோடு பிரிந்துவிடும்.

தெரிந்து தெளிவோம்

குளியல் சவுக்காரத்தின் உறையில் ‘மொத்தக் கொழுப்புப் பொருள்’ என ஒரு விழுக்காடு குறிக்கப்பட்டிருக்கும். இந்தியத் தர அளவீட்டின்படி அது 76க்குக் குறையாதிருந்தால் முதல் தரம். 70க்குக் குறையாதிருந்தால் இரண்டாம் தரம். 60க்குக் குறையாதிருந்தால் மூன்றாம் தரம்.

இருதலை மூலக்கூறு

சவுக்கார மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். நீண்ட கார்பன் தொடராகிய வால் எண்ணெயின் இயல்புடையது, நீரை வெறுக்கும். சோடியத்தோடு சேர்ந்திருக்கும் தலை மின்னூட்டம் உடையது, நீரை விரும்பும். நீரில் சவுக்காரம் கரையும்போது, வால்கள் நீருக்கு அஞ்சியவை போல உள்நோக்கித் திரும்பிக்கொள்ள, தலைகள் வெளிப்புறம் நிற்கின்றன. இவ்வாறு திரண்ட நுண்கோளத்துக்கு மிசெல் என்று பெயர்.

கையில் எண்ணெய் அழுக்கு இருக்குமாயின், வால்கள் அதற்குள் புகுந்துகொள்கின்றன. தலைகள் நீரைப் பற்றி நிற்கின்றன. நாம் தேய்க்கும்போது எண்ணெய்ப்படலம் சிறுசிறு துளிகளாக உடைந்து, ஒவ்வொரு துளியும் மிசெலுக்குள் அடங்குகிறது. எல்லாத் துளிகளின் புறத்திலும் ஒரே வகை மின்னூட்டம் இருப்பதால் அவை ஒன்றையொன்று விலக்குகின்றன; மீண்டும் ஒன்றுசேர்ந்து துணியில் படிவதில்லை. நீர் ஊற்றியவுடன் அழுக்கோடு வெளியேறுகின்றன. எண்ணெயிலிருந்து பிறந்தமையாலேயே எண்ணெயைப் பற்றும் வாலும், காரத்தோடு வினைபட்டமையாலேயே நீரைப் பற்றும் தலையும் சவுக்காரத்துக்கு வாய்த்தன.

சவுக்காரக் கரைசலின் மின்கடத்து திறன் எதிர்பார்த்ததைவிட மிகுந்திருப்பதை ஆராய்ந்து, அதன் துகள்கள் கூட்டமாகத் திரள்கின்றன என்னும் கருத்தை 1913இல் முன்வைத்தவர் ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின். கனடாவில் பிறந்து இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பணியாற்றிய இவரே, 1950இல் திறக்கப்பெற்ற புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகவும் பொறுப்பேற்றார்.

கொரோனா போன்ற சில நச்சுயிரிகளின் புற உறை கொழுப்பால் ஆனது. சவுக்காரத்தின் வால்கள் அவ்வுறைக்குள் நுழைந்து அதனைச் சிதைக்கின்றன. பிற கிருமிகளையோ அழுக்கோடு பெயர்த்து நீரில் அகற்றுகின்றன. தேய்ப்பதற்கு நேரம் கொடுத்தால்தான் இவ்விரு பணிகளும் நடைபெறும். குறைந்தது 20 நொடிகளேனும் கைகளைத் தேய்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனாலேயே.

நுரைக்காத நீர்

சில ஊர்களின் கிணற்று நீரில் சவுக்காரம் எளிதில் நுரைப்பதில்லை. அந்நீரில் கரைந்துள்ள கால்சியம், மெக்னீசியம் உப்புகளே காரணம். இவை சோடியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால், சவுக்காரம் நீரில் கரையாத வெண்படிவாக மாறி வாளியின் ஓரத்தில் ஒட்டுகிறது. அவ்வுப்புகள் தீரும்வரை இடும் சவுக்காரம் முழுவதும் வீண். குட்டையான தொடர்களைக் கொண்ட தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரம் இத்தகைய நீரிலும், கடல் நீரிலும்கூட, மற்றவற்றைவிட நன்றாக நுரைக்கும். மாலுமிகளுக்கான சவுக்காரம் தேங்காய் எண்ணெயில் செய்யப்பட்டது இதனால்தான்.

இனிமையின் மறுபக்கம்

சோப்பாக்குதல் வினையில் பிறக்கும் கிளிசரினை நெடுங்காலம் கழிவு நீரோடு கொட்டிவிட்டனர். 1847இல் இத்தாலிய வேதியியலார் அஸ்கானியோ சொப்ரேரோ அதிலிருந்து நைட்ரோகிளிசரின் என்னும் கடும் வெடிபொருளை உருவாக்கினார். 1867இல் ஆல்பிரட் நோபல் அதனைக் கொண்டு டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். முதல் உலகப் போரில் சவுக்கார ஆலைகளின் கிளிசரின் வெடிமருந்துக்குச் சென்றது. அதே கிளிசரின் இன்று இருமல் மருந்திலும் தோல் களிம்பிலும் இடம்பெறுகிறது. உயிர் காக்கும் பொருளும் உயிர் பறிக்கும் பொருளும் ஒரே கொப்பரையிலிருந்து புறப்பட்டன. அவற்றைப் பிரித்தது வேதியியல் அன்று, மனிதரின் தேர்வே.

களர்நிலக் கிணற்றடியில் ஆடை வெளுத்தவரும், முட்டையை மிதக்கவிட்டுக் காரத்தை மதிப்பிட்டவரும் அறிவில் குறைந்தவர் அல்லர்; அவர்களிடம் இல்லாதது அளவு ஒன்றே. தராசின் துணையோடு செவ்ரூல் அதனைத் தேடிக் கண்டார். அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்து 1889இல் மறைந்தார். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பெற்ற 72 அறிஞர்களின் பெயர்களுள் அவர் பெயரும் ஒன்று. ஆனால், அவர்தம் ஆய்வின் பயனைக் காணப் பாரிசு வரை செல்ல வேண்டுவதில்லை. உணவுக்கு முன் கை கழுவும் ஒரு குழந்தை, எரிச்சலின்றிச் சவுக்காரத்தைத் தேய்க்கிறதே, அங்கே அக்கணக்கு சரியாக இருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டில் பயன்படுத்தும் சவுக்காரங்களின் உறைகளைத் திரட்டி, மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவை ஒப்பிட்டு அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊர்க் கிணற்று நீரிலும் மழைநீரிலும் ஒரே அளவு சவுக்காரத்தைக் கரைத்து, நுரையின் உயரத்தை அளந்து ஒப்பிடுக.
3. உவர்மண், வெள்ளாவி, சீயக்காய் ஆகியவற்றின் பயன்பாடு குறித்து ஊர்ப் பெரியோரிடம் கேட்டறிந்து, வகுப்பில் உரை நிகழ்த்துக.

இலக்கணக் குறிப்பு

நீரும் எண்ணெயும் – எண்ணும்மை
எட்டாப் பொருள் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
உவர்மண் – பண்புத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

பிறந்த = பிற + த்(ந்) + த் + அ
பிற – பகுதி. த் – சந்தி, ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. அ – பெயரெச்ச விகுதி

பாடநூல் வினாக்கள்

பலவுள் தெரிக

1. தேங்காய் எண்ணெயின் சோப்பாக்கல் எண் உயர்ந்திருக்கக் காரணம்
அ) அதன் நிறம் ஆ) அதன் குட்டையான கொழுப்பு அமிலத் தொடர்கள் இ) அதிலுள்ள நீர் ஈ) அதன் மணம்

2. பொருத்துக.
1) செவ்ரூல் – அ) உப்பிலிருந்து சோடா
2) லெபிளாங்க் – ஆ) நைட்ரோகிளிசரின்
3) மக்பெயின் – இ) கொழுப்பு அமிலங்கள்
4) சொப்ரேரோ – ஈ) மிசெல்

குறுவினா

1. களர்நிலத்து நீர் ஆடையின் அழுக்கைப் போக்குவது எவ்வாறு?
2. எரிசோடாவின் மீது நீரை ஊற்றலாகாது. ஏன்?
3. சோப்பாக்கல் எண் என்றால் என்ன?

சிறுவினா

1. கடின நீரில் சவுக்காரம் வீணாவதன் காரணத்தை விளக்குக.
2. கணக்கிட்ட அளவைவிடக் காரத்தைச் சற்றுக் குறைத்து இடுவதன் நோக்கத்தைச் சான்றுடன் எழுதுக.

நெடுவினா

1. ‘காரமின்றிச் சவுக்காரம் இல்லை, நல்ல சவுக்காரத்தில் காரம் எஞ்சுவதில்லை’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.
2. சவுக்காரத்தின் வரலாறு, அறிவியல் வளர்ச்சியின் நன்மையையும் தீமையையும் ஒருங்கே உணர்த்துகிறது என்பதை ஆய்ந்து கட்டுரைக்க.